ஒரே 200 பவுண்டு கிரிப்பர் இரண்டு: ஒன்று மூடுகிறது, இன்னொன்று மூடவில்லை. ஏன்?

குன்னூர் ஃபிட்டர் | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிறேன். நாலு வருஷமாகக் கை கிரிப்பர் பழக்கம். அலுமினியக் கைப்பிடி, நடுவில் எஃகு ஸ்பிரிங், கையால் அமுக்கி இரண்டு கைப்பிடியையும் ஒட்ட வைக்க வேண்டிய அந்தச் சாதனம்தான். 100 பவுண்டு என்று அச்சிட்டதில் ஆரம்பித்தேன், அப்புறம் 150. போன வருஷம் ஆடி மாதம் 200 பவுண்டு கிரிப்பரை வலது கையால் முதல்முறையாக மூடினேன். கைப்பிடிகள் ஒட்டும்போது வரும் அந்த 'டிக்' சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அதையே தொடர்ந்து ஆறு தடவை மூடுகிறேன்.

அதில் நர்லிங் (கைப்பிடியில் செதுக்கியிருக்கும் சொரசொரப்பு) தேய்ந்து வழுக்க ஆரம்பித்ததால் இன்னொன்று வாங்கினேன். அதே கம்பெனி, அதே 200. வந்த அன்றே எடுத்து அமுக்கினால் மூடவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கிறது. அன்றைக்குக் கை அசதி என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். பத்து நாள் ஆகிவிட்டது, இன்னும் ஏழெட்டு மில்லிமீட்டர் பாக்கி. பழையதை எடுத்தால் உடனே மூடுகிறது.

இத்தனை நாள் நான் மூடியது 200-ஆ, இல்லையா? அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி.

---

கேத்தி கேரட் | ஞாயிறு இரவு

புதுசு டூப்ளிகேட்டாக இருக்கும் அண்ணா. இப்போது ஆன்லைனில் நிறைய வருகிறது. எழுத்து, பெட்டி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

---

குன்னூர் ஃபிட்டர் | திங்கள் காலை

தம்பி, அதையும் பார்த்தேன். எழுத்தின் ஆழம், கைப்பிடியின் நீளம், அடிப்பக்க வெட்டு எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது. டூப்ளிகேட் என்றால் பொதுவாக அமுக்க லேசாக இருக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இது கனமாக அல்லவா இருக்கிறது?

---

மஞ்சூர் மழை | திங்கள் காலை

குளிர்தான் காரணம் என்பது என் எண்ணம். பழையதை ஆடியில் மூடினேன் என்கிறீர்கள், இப்போது நடப்பது தை. போன வாரம் தலைக்குந்தாவில் புல் எல்லாம் வெள்ளையாக உறைபனி. எங்கள் ஊரிலும் காலையில் குழாயைத் தொட முடியவில்லை. குளிரில் இரும்பு விறைத்துப்போகும். எனக்கும் டிசம்பர், ஜனவரியில் கிரிப்பர் மூடாது, ஏப்ரலில் மூடும். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன்.

---

கோத்தகிரி டு கோவை | திங்கள் இரவு

சொந்த ஊர் கோத்தகிரி. பதினோரு வருஷமாகக் கோவையில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் வேலை. தலைப்பைப் பார்த்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளிர். மஞ்சூர் நண்பர் சொல்லும் அனுபவம் உண்மையாக இருக்கும், ஆனால் காரணம் இரும்பு இல்லை. எஃகின் விறைப்பு வெப்பநிலையோடு மாறுவது மிகவும் கொஞ்சம். 20 டிகிரி வித்தியாசத்துக்குக்கூட ஒரு சதவீதம் வராது. அந்த அளவு மாற்றத்தைக் கையால் உணர முடியாது. விறைப்பது நம் முன்கைத் தசைதான். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன, அவை குளிர்ந்தால் பலம் நன்றாகவே குறையும். அதோடு ஃபிட்டர் அண்ணா ஒரே நாளில், ஒரே குளிரில் இரண்டையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். குளிர் காரணமென்றால் இரண்டுமே கனத்திருக்க வேண்டும்.

இப்போது ஸ்பிரிங். கிரிப்பரில் இருப்பது முறுக்கு ஸ்பிரிங். அதன் பலம் கம்பியின் விட்டத்தோடு நான்காம் அடுக்கில் கூடும். விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம் என்ற கணக்கு. பேச்சுக்கு 6 மி.மீ. கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 6.05 ஆக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கை நகத்துக்கும் தெரியாது. ஆனால் பலம் 3.4 சதவீதம் கூடிவிடும். 6.10 ஆக இருந்தால் கிட்டத்தட்ட 7 சதவீதம். மில்லில் இருந்து வரும் கம்பிச் சுருளில் இந்த மாதிரி சின்ன ஏற்ற இறக்கம் சகஜம், விற்பவர்களே அதற்கு ஒரு வரம்பு வைத்துத்தான் விற்கிறார்கள். ஒரு சுருள் தீர்ந்து அடுத்த சுருள் ஏற்றும்போது நாங்களே மெஷினில் அளவைத் திருத்துவோம்.

அடுத்தது சுற்று. சுற்றின் வட்டம் பெரிதானால் ஸ்பிரிங் இளகும், சின்னதானால் இறுகும். சுற்றின் எண்ணிக்கை கால் சுற்று கூடினாலும் இளகும்.

கம்பியின் கால், அதாவது சுருளில் இருந்து நீளும் முனை, கைப்பிடிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆழமாக இறங்கினால் கைப்பிடி சுருளுக்குக் கிட்ட வந்துவிடும், நெம்புகோல் குட்டையாகும், அமுக்கக் கஷ்டம். மேலோட்டமாக நின்றால் நெம்புகோல் நீளும், லேசாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது வாய் அகலம். கிரிப்பர் சும்மா கிடக்கும்போது இரண்டு கைப்பிடி நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சொல்கிறேன். சும்மா இருக்கையில் ஸ்பிரிங்கில் இழுவை எதுவும் இல்லை. அமுக்க அமுக்க, எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அவ்வளவு பலம் ஏறும். ஆகவே வாய் 65 மி.மீ. உள்ள கிரிப்பரும் 70 மி.மீ. உள்ள கிரிப்பரும் ஒரே கம்பியில் செய்ததாகவே இருந்தாலும், 70 உள்ளது ஒட்டும் நேரத்தில் ஏழெட்டு சதவீதம் அதிகம் கேட்கும். சுற்றும்போது காலின் கோணம் இரண்டு மூன்று டிகிரி தவறினால் போதும், இந்த வித்தியாசம் வந்துவிடும்.

அண்ணா, உங்களிடம் வெர்னியர் காலிப்பர் இருக்குமே. இரண்டிலும் கம்பி விட்டமும் வாய் அகலமும் அளந்து போடுங்கள்.

---

கேத்தி கேரட் | திங்கள் இரவு

அப்படியென்றால் 200 என்று அச்சடித்து விற்பது ஏமாற்று வேலை இல்லையா? கடையில் ஒரு கிலோ சர்க்கரை கேட்டால் ஒரு கிலோதானே கொடுக்க வேண்டும்?

---

கோத்தகிரி டு கோவை | திங்கள் இரவு

சர்க்கரையை நிறுத்து அடைக்கிறார்கள். கிரிப்பரை ஒவ்வொன்றாக நிறுத்து அச்சடிப்பதில்லை. இந்தக் கம்பி, இத்தனை சுற்று, இந்தக் கோணம், இதற்குப் பெயர் 200. அந்த எண்ணை ரகத்தின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டும், எடையாக இல்லை. ஒவ்வொன்றையும் சோதித்துப் பிரித்தால் விலை ஏறும்.

---

நம்பர் மூன்று | செவ்வாய் காலை

கூடலூரில் இருந்து எழுதுகிறேன். ஏழு வருஷமாக இந்தப் பைத்தியம் எனக்கு. ஸ்பிரிங் அண்ணா சொன்னது முழுக்கச் சரி. கூடவே கொஞ்சம் பின்னணி சொல்கிறேன்.

உலகம் முழுக்க இதில் அளவுகோலாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் கம்பெனியின் 'கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ்' கிரிப்பர்களை. அதில் நம்பர் 1 என்றால் 140 பவுண்டு, நம்பர் 2 என்றால் 195, நம்பர் 3 என்றால் 280, நம்பர் 4 என்றால் 365. நம்பர் 3-ஐ மூடியவர்களுக்கு அவர்களே சான்றிதழ் தருகிறார்கள். அதை முதலில் வாங்கியவர் ரிச்சர்ட் சோரின், 1991-இல். நம்பர் 4-ஐ முதலில் மூடிச் சான்றிதழ் வாங்கியவர் ஜோ கின்னி, 1998-இல்.

அந்தச் சான்றிதழுக்கு உங்கள் கையில் இருக்கும் பழகிய கிரிப்பரை மூடிக் காட்டினால் செல்லாது. கம்பெனியே சோதனைக்கென்று ஒரு கிரிப்பரைச் சாட்சியாக நிற்பவருக்கு அனுப்பும், அதைத்தான் மூட வேண்டும். ஒரே நம்பரிலும் லேசானது, கனமானது உண்டு, பழகப் பழக இளகும் என்பதெல்லாம் அந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு விதியும் உண்டு. மற்றக் கையால் கிரிப்பரை ஓரளவு அமுக்கி உள்ளங்கையில் பொருத்திக்கொள்வதை 'செட்' என்பார்கள். செட் செய்தபின் நுனிகளுக்கு நடுவே ஒரு ஏடிஎம் கார்டின் குறுகிய பக்கம் நுழைய வேண்டும். அந்தப் பக்கம் 54 மி.மீ. அதற்கும் குறைவாக அமுக்கி வைத்துவிட்டு மூடினால் கணக்கில் வராது. ஃபிட்டர் அண்ணா, நீங்கள் பழையதைச் செட் செய்து மூடுகிறீர்களா, நேரடியாகவா? புதியதையும் அதே மாதிரித்தானா?

இனி முக்கியமான விஷயம். கிரிப்பரின் நிஜ எடையை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 'ரெட்நெக் கேலிபரேஷன்' என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு கைப்பிடியை வைஸில் (பட்டறையில் சாமானை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) படுக்கை வசமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே நிற்கும் கைப்பிடியின் நுனியில் பட்டையைப் போட்டு எடையைத் தொங்கவிட வேண்டும். இரண்டும் ஒட்டுகிற அளவு வரை எடையைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கிரிப்பரின் நிஜ எண் கிடைத்துவிடும். இப்படி அளந்தால் நம்பர் 3 பெரும்பாலும் 150 பவுண்டை ஒட்டித்தான் வரும். அச்சில் இருப்பது 280. பயப்பட வேண்டாம், அது வேறு கணக்கு.

---

குன்னூர் ஃபிட்டர் | செவ்வாய் மதியம்

செட் செய்துதான் மூடுகிறேன். கார்டு வைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் பட்டறையில் ஆறு அங்குல வைஸ் இருக்கிறது. எடைக்குக் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பதால் அதை நம்பலாம். இந்த ஞாயிறு இலை வரத்து குறைவு, மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு செய்து பார்க்கிறேன்.

---

பேரிஜம் | செவ்வாய் இரவு

கொடைக்கானலில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கிரிப்பரைப் பற்றியே பேசுகிறீர்கள். கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஒரே கிரிப்பர் இரண்டு பேருக்கு ஒரே கனமாக இருப்பதில்லை. என் கை, மணிக்கட்டு மடிப்பில் இருந்து நடுவிரல் நுனி வரை, பதினாறரை சென்டிமீட்டர். 70 மி.மீ. வாய் உள்ள கிரிப்பரில் என் சுண்டுவிரல் கைப்பிடியை எட்டிப் பிடிக்கவே கஷ்டப்படும். விரல் நீண்டு விரிந்த நிலையில் தசைக்குப் பலம் குறைவு. நடுவாக்கில் மடங்கியிருக்கும்போது அதிகம். முழுக்க மடங்கியபின் மறுபடி குறையும். ஆகவே வாய் அகலமான கிரிப்பர் சின்னக் கைக்குத் தொடக்கத்திலேயே முட்டும். பெரிய கைக்காரருக்குக் கடைசி ஐந்து மில்லிமீட்டரில் முட்டும். இரண்டு பேரும் "இது கனம்" என்பார்கள், ஆனால் சொல்வது இரண்டு வேறு விஷயம்.

நாங்கள் நோயாளிகளின் பிடி பலத்தை ஸ்பிரிங் கிரிப்பரால் அளப்பதில்லை. ஜாமர் டைனமோமீட்டர் என்று ஒரு கருவி, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. 1954-இல் பெக்டால் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியது. பிடியை ஐந்து அகலங்களில் வைக்கலாம். இரண்டாவது அகலத்தில்தான் வழக்கமாக அளப்போம். பிடி அகலம் மாறினால் அதே கையின் எண்ணும் மாறும் என்பது எங்களுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தக் கருவியையும் அவ்வப்போது அளவு சரிபார்க்க அனுப்ப வேண்டும்.

ஃபிட்டர் அண்ணா, இரண்டின் வாய் அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். கூடவே உங்கள் கை நீளத்தையும்.

இன்னொன்று: பத்து நாளாகத் தினமும் முழு பலத்தில் அமுக்குகிறீர்கள் போலிருக்கிறது. முழங்கையின் உள்பக்கம் தொட்டால் வலிக்கிறதா? வலித்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். ஸ்பேனர் பிடிக்கிற கை அது. அதை நம்பித்தான் உங்கள் வேலை இருக்கிறது.

---

குன்னூர் ஃபிட்டர் | செவ்வாய் இரவு

வலி இருக்கிறது மேடம். லேசாகத்தான். ஞாயிறு வரை தொடமாட்டேன்.

---

மஞ்சூர் மழை | சனி இரவு

கோவை நண்பர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். என்னிடம் இருப்பது 150. முதல் நாள் ராத்திரி கிரிப்பரை வாசல் திண்ணையில் பனியில் வைத்துவிட்டேன். காலையில் கையை வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்திருந்து, துடைத்துவிட்டு, துணியால் கிரிப்பரைப் பிடித்து உடனே அமுக்கினேன். ஒன்பது தடவை மூடியது. மறுநாள் கிரிப்பரை அடுப்பு ஓரம் கதகதப்பாக வைத்துவிட்டு, முழங்கை வரை கையைத் தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தேன். மூன்று தடவைக்கு மேல் மூடவில்லை.

மூன்று வருஷமாக இரும்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கைதான். இனி காலையில் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.

---

குன்னூர் ஃபிட்டர் | ஞாயிறு இரவு

செய்துவிட்டேன். முழுவதையும் எழுதுகிறேன், யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

வைஸின் தாடையில் நேராகப் பிடித்தால் அலுமினியக் கைப்பிடி நசுங்கிவிடும். அதனால் சில்வர் ஓக் கட்டையில் அரை வட்டப் பள்ளம் செதுக்கி, இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்துப் பிடித்தேன். மேல் கைப்பிடிக்கு லாரியில் தார்ப்பாய் கட்டும் நைலான் பட்டை, ஒரு அங்குல அகலம். கீழே கொக்கி, கொக்கியில் யூரியா சாக்கு, சாக்கில் மணல். எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துக் கொட்டினோம். இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் செய்தித்தாள் கீற்று ஒன்றை வைத்திருந்தேன். இழுத்தால் உருவி வந்தால் இன்னும் ஒட்டவில்லை. கீற்று கிழிந்தால் ஒட்டிவிட்டது. ஒட்டினதும் சாக்கைக் கழற்றி, பட்டை, கொக்கியோடு சேர்த்துத் தராசில் போட்டேன்.

முதல் தடவை பழைய கிரிப்பருக்கு நாற்பதரை கிலோ வந்தது. மறுபடி செய்தால் முப்பத்தெட்டரை. இரண்டு கிலோ எப்படிக் குறைந்தது என்று குழம்பிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், முதல் தடவை பட்டை நுனியில் இருந்து ஐந்து மில்லிமீட்டர் உள்ளே நகர்ந்திருந்தது. அவ்வளவுதான். பட்டை நகராமல் இருக்க இரண்டு கிரிப்பரிலும் ஒரே இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி வரம்பு கட்டினேன். அப்புறம் ஒவ்வொன்றையும் மூன்று தடவை நிறுத்தேன்.

பழையது 38.5 கிலோ. புதியது 44 கிலோ.

வெர்னியர் அளவு: பழையதில் கம்பி 5.98, வாய் 65 மி.மீ. புதியதில் கம்பி 6.03, வாய் 70 மி.மீ. கோவை அண்ணன் பேச்சுக்குச் சொன்ன எண்களே கிட்டத்தட்ட வந்துவிட்டன, அளந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் கை பதினெட்டு சென்டிமீட்டர்.

ஒரு சந்தேகம். 44 கிலோ என்றால் 97 பவுண்டு. அச்சில் 200. பாதிகூட இல்லையே?

---

கோத்தகிரி டு கோவை | ஞாயிறு இரவு

அருமையாகச் செய்திருக்கிறீர்கள் அண்ணா. எங்கள் பட்டறையில் பார்க்கிற சோதனையைவிட ஒன்றும் குறைவில்லை.

கணக்குப் பார்ப்போம். கம்பி வித்தியாசம் 0.05, அதற்கு 3.4 சதவீதம். வாய் வித்தியாசத்துக்கு 7.7 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 38.5-இல் இருந்து ஏறிக் கிட்டத்தட்ட 43 கிலோ வர வேண்டும். உங்களுக்கு வந்தது 44. மிச்சம் ஒரு கிலோவுக்குச் சுற்று வட்டமோ கால் இறங்கிய ஆழமோ காரணமாக இருக்கலாம்.

பழையதன் வாய் வாங்கிய புதிதிலும் 65 ஆகவே இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. புது ஸ்பிரிங்கை முதல் முறையாக முழுசாக மடக்கும்போது அது துளி அளவு நிரந்தரமாக வளைந்துகொடுக்கும். முதல் சில வாரம் இது நடக்கும், பிறகு நின்றுவிடும். 67 போல இருந்து 65-க்கு வந்திருக்கலாம். புதியதும் கொஞ்சம் இறங்கும். ஆனால் பழையதன் அளவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், கம்பியே தடிமன்.

200-க்கும் 97-க்கும் உள்ள வித்தியாசம் எங்கே நிறுக்கிறோம் என்பதில் இருக்கிறது. சுருளின் நடுவில் இருந்து நுனி வரை 95 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நுனியில் 44 கிலோ தொங்கினால் ஒட்டுகிற கிரிப்பர், சுருளில் இருந்து 60 மி.மீ. தூரத்தில் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட 70 கிலோ கேட்கும். அது 154 பவுண்டு. சுருளுக்கு இன்னும் கிட்டப் போனால் இன்னும் அதிகம். கிணற்று ஏற்றத்தில் மிதிக்கிற இடம் மாறினால் பாரம் மாறுவது மாதிரி. பட்டை ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்ததற்கே இரண்டு கிலோ மாறியதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 195-ஓடு வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

---

நம்பர் மூன்று | ஞாயிறு இரவு

அதனால்தான் இதில் ஊறியவர்கள் "நான் 200 மூடுகிறேன்" என்று சொல்வதில்லை. "என் கிரிப்பர் நுனியில் இத்தனை பவுண்டு" என்று சொல்வார்கள். ஃபிட்டர் அண்ணா, உங்களுடையது 85, 97. இரண்டுக்கும் நடுவில் 12 பவுண்டு. கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷில் அரை நம்பர் ஏறுவதற்கு நிறையப் பேர் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த அளவு வித்தியாசம் ஒரே '200'-க்குள் ஒளிந்திருக்கிறது. நீங்கள் பலம் இழக்கவில்லை. அடுத்த படி எது என்று தெரியாமலேயே அதை வாங்கிவிட்டீர்கள்.

இன்னொரு யோசனை. புதியதைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கைப் பக்கம் இருக்கும் கைப்பிடி விரல் பக்கம் வரட்டும். இரண்டு காலும் எப்போதும் ஒரே சீராக வளைந்திருப்பதில்லை. எனக்கு ஒரு பக்கம் பிடித்தால் மூடும், மறுபக்கம் மூடாத கிரிப்பர் ஒன்று இருக்கிறது.

---

கேத்தி கேரட் | ஞாயிறு இரவு

நான் ஏமாற்று வேலை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் பெட்டியில் "எடை கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்" என்று ஒரு வரியாவது அச்சடிக்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. 150 மூடாமல் கிரிப்பரையே விட்டுவிட்ட நண்பன் எனக்கு இருக்கிறான். அவனுடையது கனமான 150-ஆக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவனிடம் இன்றே பேசப் போகிறேன்.

---

பேரிஜம் | திங்கள் காலை

கேத்தி தம்பி, கண்டிப்பாகப் பேசுங்கள். கூடவே அவர் கை நீளத்தையும் கேளுங்கள். கை சின்னதாக இருந்தால் கார்டு அகலத்துக்குச் செட் செய்து பழகச் சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஃபிட்டர் அண்ணா, உங்கள் கை ஆண்களுக்கு நடுத்தரத்தைவிடச் சற்றுச் சின்னது. வாய் ஐந்து மில்லிமீட்டர் கூடியது உங்களுக்கு இரண்டு வழியிலும் பாரம்: ஸ்பிரிங்கும் கனம், பிடிப்பும் எட்டம். முழங்கை வலி போனதா?

---

குன்னூர் ஃபிட்டர் | திங்கள் மதியம்

போய்விட்டது மேடம். நன்றி. நேற்று நிறுத்த பிறகு ஒரே ஒரு தடவை புதியதை அமுக்கிப் பார்த்தேன். நம்பர் மூன்று சொன்னபடி திருப்பிப் பிடித்தேன். நான்கு மில்லிமீட்டர்தான் பாக்கி.

---

வெலிங்டன் பெரியவர் | திங்கள் இரவு

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எழுபது தாண்டிவிட்டது. பேரன் காட்டியதால் படித்தேன்.

நம் மலையில் தோடர் மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) உருண்டையாக ஒரு கல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். தரையில் இருந்து எடுத்துத் தோளுக்கு ஏற்ற வேண்டும். என் அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம், அங்கே இளவட்டக்கல். இரண்டிலும் எடை எழுதியிருக்காது. தாத்தா தூக்கியதும் அதே கல், பேரன் தூக்குவதும் அதே கல். யார் தூக்கினார், யார் முழங்கால் வரைதான் கொண்டுவந்தார் என்பது ஊருக்கே தெரியும். கல் மாறாததால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

நீங்கள் ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டு யார் பலசாலி என்று பேசுகிறீர்கள். ஒரே கிரிப்பரை எல்லோரும் மூடிப் பாருங்கள் தம்பிகளே. அப்போது எண்ணே வேண்டியதில்லை.

---

கோத்தகிரி டு கோவை | திங்கள் இரவு

ஐயா, இத்தனை கணக்குப் போட்ட எனக்கு இது தோன்றவில்லை. ஃபிட்டர் அண்ணாவின் பழைய கிரிப்பர்தான் அதற்குப் பொருத்தம். இளகி முடிந்து நிலைக்கு வந்துவிட்ட ஸ்பிரிங், இனி மாறாது. ஆனால் துரு மட்டும் ஏறக் கூடாது. குன்னூர் மேகத்தில் ஒரே மழைக்காலத்தில் சுருளின் இடுக்கில் துரு பிடிக்கும், அப்புறம் உராய்வே அரை கிலோ, ஒரு கிலோ என்று சேர்த்துவிடும். மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் சுருளுக்கு நடுவில் விடுங்கள், கைப்பிடியில் படாமல்.

---

மஞ்சூர் மழை | செவ்வாய் காலை

ஃபிட்டர் அண்ணா, வருகிற ஞாயிறு குன்னூர் வருகிறேன், சந்தையில் வேலை இருக்கிறது. என் 150-ஐ எடுத்துவந்தால் உங்கள் தராசில் நிறுத்துப் பார்க்க முடியுமா?

---

கேத்தி கேரட் | செவ்வாய் காலை

நானும் நண்பனும் வருகிறோம் அண்ணா. அவன் தன் கிரிப்பரை இன்னும் தூக்கிப் போடவில்லையாம், அலமாரியில் இருக்கிறதாம்.

---

குன்னூர் ஃபிட்டர் | செவ்வாய் இரவு

தாராளமாக வாருங்கள். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கடைசி லோடு கொழுந்து நிறுத்து முடிய நாலு மணி ஆகும், அதற்கப்புறம் தராசு சும்மாதான் இருக்கும். மணல் சாக்கை அப்படியே வைத்திருக்கிறேன்.

பழைய கிரிப்பரின் கைப்பிடியில் 200-க்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் 38.5 என்று எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் எல்லோரும் மூட வேண்டும். நர்லிங் தேய்ந்திருக்கிறது, கையில் தேய்க்கச் சாக்பீஸ் தூள் கொண்டுவாருங்கள். வெந்நீர் இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

பெரியவர் ஐயா, வெலிங்டனில் இருந்து பஸ்ஸில் பக்கம்தான். நீங்களும் பேரனும் வந்தால் சந்தோஷம்.